அல்வா யாரோட சொல்?

இன்னைக்கு வைகை அணைப் பூங்காவுல உட்கார்ந்து பேசுறேன். மடியில ஆண்டிபட்டியில வாங்கின அல்வாப் பொட்டலம். பக்கத்துல நண்பர் கொடுத்த ஒரு டப்பா, 'டர்க்கிஷ் ஹல்வா'. எள்ளு விழுதும் சர்க்கரையும், தொட்டா உதிருது. "இதுதான்டா ஒரிஜினல், நம்மளது காப்பி"ன்னார். அங்கதான் சண்டை.

முதல்ல, இது துருக்கிச் சொல்லே இல்ல. அரபியில 'ஹுல்வ்'னா இனிப்பானது. அதுலேர்ந்து 'ஹல்வா'. துருக்கிக்காரங்க அதை 'ஹெல்வா' ஆக்கினாங்க. ஆனா அதை ஊர் ஊரா கொண்டுபோன பெருமை அவங்களுக்கு உண்டு. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில இனிப்பு செய்யுற சமையல்கட்டுக்கே ஹெல்வா பேர்தான். ஒட்டோமான் ஆட்சி நடந்த பால்கன் நாடுகள்ல சொல்லும் தங்கிடுச்சு. ருமேனியாவுலேர்ந்து யூதர்களோட இத்திஷ் மொழிக்குப் போய், அப்படியே ஆங்கிலத்துக்கும் போச்சு. செர்பியாவுல 'ஹ' உதிர்ந்து 'அல்வா'! நம்ம வாயிலயும் அதே 'ஹ'தான் உதிர்ந்தது. ரெண்டு பேரும் பேசிவச்சுச் செய்யலை.

ஏன்னா நமக்கு வந்த ரூட்டே வேற. அரபியிலேர்ந்து பாரசீகம், பாரசீகம் பேசின வட இந்திய அரசவைகள், அப்புறம் உருது, இந்தி. அங்க இனிப்புக்கடைக்காரருக்கே 'ஹல்வாயி'ன்னுதான் பேர். வடக்கேர்ந்து திருநெல்வேலிக்கு வந்த சிங் குடும்பங்கள் 19-ம் நூற்றாண்டுக் கடைசியில அங்க அல்வாக் கடை போட்டாங்க. எள்ளு கிடையாது. கோதுமையை ஊறவச்சு, அரைச்சு, பாலெடுத்து, நெய் பிரியுற வரைக்கும் கை ஓயாமக் கிண்டணும். ஆக துருக்கி ஹெல்வா நம்ம அல்வாவுக்கு அப்பா இல்ல, பங்காளி.

'ஒரிஜினல்'னு பேசுறவங்க இந்த அணையைப் பாருங்க. இந்தத் தண்ணியில ஒரு பங்கு பெரியாறு. மேற்கே ஓட வேண்டியதை 1895-ல மலையைக் குடைஞ்சு கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினாங்க. இங்க வந்து சேர்றப்ப அதுக்குப் பேர் வைகை. யாராவது காப்பின்னு சொல்வாங்களா?

சொல்லுக்கு நாம ஏத்தின அர்த்தமும் நம்மளதுதான். துருக்கியில ஒருத்தர் இறந்துட்டா, வீட்டுல ஹெல்வா கிண்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாங்க. அங்க அல்வா கொடுக்குறது துக்கம். இங்க "அல்வா கொடுத்துட்டான்"னா ஏமாத்திட்டான்! இது ஊரெல்லாம் பரவுனதுல 1994-ல வந்த 'அமைதிப்படை' படத்துக்குப் பெரிய பங்கு.

அப்படிப் பார்த்தா நண்பர் எனக்கு ரெண்டு அர்த்தத்துலயும் அல்வா கொடுத்திருக்கார். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலை. நல்லாத்தான் இருக்கு.