சாரலுக்கு ஒதுங்கிய கழுதை

"எதுக்குல இந்த மூதேவியக் கொண்டாந்து தோப்புல கெட்டுத?" என்று அம்மா கேட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால், வைகாசிக் கடைசியில். பண்பொழியிலிருந்து மேக்கரை போகிற வழியில் இருக்கிறது எங்கள் தென்னந்தோப்பு. ரோட்டோரம் சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டு நின்ற கிழட்டுப் பெட்டைக் கழுதை அது. முன்னங்கால் இரண்டிலும் தளைக்கயிறு அறுத்த வடு. ஒரு குளம்பு செருப்பு மாதிரி வளைந்து நீண்டிருந்தது.

அம்மா சொன்னது வெறும் வசவு இல்லை. மூதேவிக்கு வாகனமே கழுதைதான். அதே கழுதையின் படத்தைத்தான் 'என்னைப் பார், யோகம் வரும்' என்று எழுதிக் கடைக் கல்லாவுக்கு மேலே மாட்டுகிறோம். படம் என்றால் யோகம். உயிரோடு வந்தால் பீடை.

மண்ணுக்குக் கழுதை ஆகாது என்பதும் பழைய கதை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, நம் பாண்டியன்தான், பகைவர் ஊர்த் தெருக்களில் கழுதை பூட்டி உழுது பாழாக்கினான் என்று புறநானூற்றில் நெட்டிமையார் பாடியிருக்கிறார். எதிரியின் மண்ணை அவமானப்படுத்த அவனுக்குக் கிடைத்த ஆயுதம் இந்தச் சாதுப் பிராணி! பெரும்பாணாற்றுப்படை கழுதைக்குக் கொஞ்சம் நியாயம் செய்கிறது. சுங்கம் வாங்குகிற பெருவழியில் மிளகுப் பொதி சுமந்து வரும் கழுதைச் சாத்தை, அதாவது வணிகக் கூட்டத்தைச் சொல்லும்போது, அவற்றின் முதுகுத் தழும்பையும் விடாமல் சொல்கிறது. அது காஞ்சிக்குப் போகிற பாட்டு. எங்கள் செங்கோட்டைக் கணவாய்க்கு அதில் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் 1956 வரை செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கணவாய் இறங்கிய மிளகும் மலைச்சரக்கும் இந்தத் தாலுகாவைத் தாண்டினால்தான் இன்னொரு ராஜ்யத்துச் சரக்கு. 1904-ல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பொதி சுமக்கிற காலம் மெல்லக் கழிந்தது.

நான் பார்த்த கழுதைகள் சலவைத் தொழிலாளிகளின் அழுக்கு மூட்டை சுமந்தவை. விடிகாலையில் அனுமன் நதித் துறைக்கு மூட்டை போகும். வெள்ளாவிக்கு உவர்மண் வேண்டும். அதையும் கழுதைதான் சுமக்கும். குட்டி போட்ட கழுதையைச் சில நாள் தெருத்தெருவாகக் கூட்டிவருவார்கள். பச்சைப் பிள்ளைக்குச் சங்கில் பால் கறந்து புகட்டுவார்கள். என் தம்பிக்குப் புகட்டியதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சலவைத்தூளும் மிஷினும் மினிலாரியும் வந்தபின் தீனி போடுகிற வேலை மட்டும் மிஞ்சியது, அவிழ்த்து விட்டுவிட்டார்கள். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க ஏறத்தாழ 3.2 லட்சம் கழுதைகள். 2019-ல் 1.2 லட்சம்.

எங்கள் கழுதை தோப்புக்கு வந்த நாலாம் நாள் சாரல் பிடித்தது. குற்றாலச் சீசன் என்று ஊரே குதூகலிக்கிற அந்தச் சாரல் கழுதைக்கு ஆகாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பூமியிலிருந்து வந்த இனம். குதிரை ரோமம் தண்ணீரை வடியவிடுவதுபோல இதன் ரோமம் விடாது, நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் நடுங்கியது. ஓலைக்கொட்டகை போட்டேன், தரையில் சரளை கொட்டினேன். ஈரத்தில் நின்றால் குளம்பு ஊறிப்போகும் என்றார் கால்நடை மருத்துவர். வளைந்த குளம்பைச் சீவினார். ஒரே நாளில் சரிசெய்ய முடியாது, ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே வரணும் என்றார். பச்சைப்புல்லை அள்ளிப் போடாதீங்க, வைக்கோல்தான் அதுக்கு நல்லது என்றார். இத்தனை பச்சை கிடக்கிற ஊரில் வைக்கோல் விலைக்கு வாங்கினேன். தனியாக விட்டால் ஏங்கிவிடும் என்றதால் இரண்டு வெள்ளாடுகளையும் கூடக் கட்டினேன். அதில் ஒன்று கழுதையின் முதுகில் ஏறி நின்று முருங்கை இலை கடிக்கும்.

வெயில் அடிக்கிற நாளில் தண்ணீர் காட்ட ஆற்றுக்குப் பத்திக்கொண்டு போவேன். குடித்துவிட்டு நேரே பழைய துவைகல் பக்கம் போய் நிற்கும். இப்போது அங்கே யாரும் துவைப்பதில்லை. இழுத்தாலும் வராது, அதட்டினாலும் அசையாது. முதுகில் வெறும் கோணிச்சாக்கு ஒன்றை மடித்துப் போட்டால், தானாகத் திரும்பி வீட்டுப் பக்கம் நடக்கும்.