பாயைச் சுருட்டிய சந்தை

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. மறுநாள் காலை முதல் நான்கு நாட்களுக்குச் சென்னை, கோவை, மதுரை மூன்று மாநகராட்சிகளிலும் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு முந்தின நாள்தான் வந்திருந்தது. கொரோனா ஊரடங்கால் ஒரு மாதமாக வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த சென்னை, அன்று பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. கோயம்பேடு சந்தையில் கால் வைக்க இடமில்லை. தரையில் வட்டம் போட்டு வைத்திருந்த இடங்களில் வட்டத்துக்கு நாலு பேர் நின்றார்கள். முகக்கவசம் பலருக்குத் தாடையில் தொங்கியது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஊரே திட்டியது. ஆனால் நான்கு நாளைக்குக் கடை இல்லை, இன்று ஒரு பொழுதுதான் என்று சொல்லிவிட்டு, கூடாதே என்றால் எந்த ஊர் கூடாமல் இருக்கும்?

பத்தே நாளில் அந்தச் சந்தை மூடப்பட்டது. அதுவரை அதன் வாசலை முழுசாக அடைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அங்கே கடைக்குக் கதவு உண்டு. சந்தைக்கு உறக்கம் கிடையாது.

கோயம்பேட்டின் ஒரு நாள் முந்தின இரவே தொடங்கிவிடும். நாசிக் வெங்காயம், கோலார், மதனப்பள்ளித் தக்காளி, மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும் ஊட்டிக் காய் என லாரிகள் வரிசையாக உள்ளே நுழையும். மண்டிக்காரர்களில் பெரும்பாலோர் சரக்குக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். விவசாயி அனுப்பியதை விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுப்பவர்கள். அவர்களிடமிருந்து மூட்டையாகவும் பெட்டியாகவும் எடுப்பவர் செமி ஹோல்சேல்காரர். அதைப் பிரித்துப் பத்துக் கிலோ, இருபது கிலோவாகத் தருவது அவர் வேலை. விடிவதற்குள் தெருமுனைக் கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், மெஸ் நடத்துபவர்கள், கூடைக்கார அம்மாக்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெயில் ஏறிய பிறகு வருவது, நாலு ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று வரும் குடும்பங்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேர் வந்துபோகும் இடம் என்பது சாதாரணமாகச் சொல்லப்படும் கணக்கு. இத்தனை கைகளுக்கும் நடுவே ஓடுகிறவர் லோடுமேன். மூட்டை அவர் முதுகில் ஏறாமல் சந்தையில் எதுவும் நகராது.

இந்த ஏற்பாடு கோயம்பேட்டில் பிறந்தது அல்ல. சென்னையின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுனிலிருந்து வந்தது.

கொத்தவால் என்பது முகலாயர் காலத்து நகரக் காவல் அதிகாரியின் பதவிப்பெயர். திருடனைப் பிடிப்பதோடு சந்தையின் எடைக்கல்லையும் விலையையும் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. அவர் உட்கார்ந்த சாவடியின் பெயரே சென்னையின் காய்கறிச் சந்தைக்கு நிலைத்துவிட்டது. கொத்தவால் சாவடி பல தலைமுறைகளுக்கு நகரத்தின் அடுக்களையாக இருந்தது. பக்கத்திலேயே கன்னிகா பரமேஸ்வரி கோயில், கூப்பிடு தூரத்தில் ஜவுளிக்குப் பேர்போன கோடவுன் தெரு, தங்கசாலைத் தெரு. மாட்டு வண்டிக்காகப் போட்ட சந்துகளில் லாரிகள் நுழைந்தபோதுதான் வினை தொடங்கியது. அழுகிய காய், சேறு, ஈ, நகராத வண்டி இவையெல்லாம் சேர்ந்து, சந்தையை ஊருக்கு வெளியே அனுப்பியாக வேண்டும் என்ற பேச்சைக் கிளப்பின.

அந்தப் பேச்சு செயலாக மாறப் பல வருடங்கள் பிடித்தன. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., கோயம்பேட்டில் 295 ஏக்கரில் வளாகம் திட்டமிட்டது. காய், கனி, பூவுக்காக மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் கட்டப்பட்டன. கடை இருக்கிறது, வாருங்கள் என்றால் வியாபாரி வந்துவிடுவாரா? அன்றைக்குக் கோயம்பேடு, நகரத்தின் விளிம்பு. வாடிக்கையாளர் அங்கே வருவாரா, கடன் நிலுவை வசூலாகுமா என்ற பயம் நியாயமானது. எனவே 1996இல் சந்தை இடம் மாறியபோது அதற்கென்று ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது: குறிப்பிட்ட பண்டங்களின் மொத்த வியாபாரத்தைக் குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே நடத்தக் கூடாது என்றது அது. கொத்தவால் பதவி எப்போதோ ஒழிந்துபோயிற்று. அவர் செய்த வேலையைச் சட்டம் எடுத்துக்கொண்டது.

வந்த பிறகு சந்தை வேர் பிடித்தது. 2002இல் பக்கத்திலேயே வெளியூர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. பின்னாளில் மெட்ரோ வந்தது. விளிம்பாக இருந்த இடம் நடு ஊராகிவிட்டது. அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களுக்கு, பேருந்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் வேலை இருந்தது. தூங்குவதற்கு அறை தேட வேண்டியிருக்கவில்லை. கடை வாசலிலேயே சாக்கை விரித்துக்கொண்டார்கள். ஒரே கழிப்பறை, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே டீக்கடை. சந்தையின் மலிவுக்கும் வேகத்துக்கும் இந்த நெருக்கம்தான் முதல். 2020இல் நோய்க்கும் அதுவே முதலானது.

அந்த ஆண்டு மார்ச் 24ஆம் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். தொழிற்சாலை, ஐ.டி. அலுவலகம், பள்ளிக்கூடம், திரையரங்கு, ரயில், பேருந்து என்று எல்லாம் நின்றன. காய்கறி நிற்கவில்லை, அத்தியாவசியப் பண்டம் என்று விலக்கு இருந்தது. ஆனால் சரக்குக்குக் கிடைத்த விலக்கு சரக்கைத் தூக்குகிறவரின் சாப்பாட்டுக்குக் கிடைக்கவில்லை. டீக்கடைகள் மூடியிருந்தன, மே 11 முதல்தான், அதுவும் பார்சலுக்கு மட்டும், அனுமதி வந்தது. இரவு முழுக்க மூட்டை சுமக்கிறவருக்கு டீ என்பது ருசி அல்ல, எரிபொருள். ஊருக்குப் போகலாம் என்றால் பேருந்து இல்லை. அம்மா உணவகம் மட்டும் அந்த நாட்களில் அணையாத அடுப்பாக இருந்தது.

ஊரெல்லாம் நின்றுபோனதால் கோயம்பேட்டின் வாடிக்கையாளர் வகையும் மாறியது. ஓட்டலில் பார்சலைத் தவிர வியாபாரம் இல்லை, கல்யாணம் இல்லை, கோயிலில் திருவிழா இல்லை. பூ வாங்க ஆளில்லாமல் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டவர்கள் பலர். மறுபக்கம், ஆட்டோ ஓட முடியாதவரும் கட்டட வேலை நின்றுபோனவரும் தள்ளுவண்டியில் தக்காளியை ஏற்றிக்கொண்டு காய்கறி வியாபாரி ஆனார்கள். முதல் கொஞ்சம் போதும், உரிமம் யாரும் கேட்க மாட்டார்கள், காவலர் தடுத்தாலும் காய் என்றால் விடுவார். வேலையிழப்பின் கணக்கை எங்கெங்கோ தேடுகிறார்கள். அந்தக் கோடையில் சென்னைத் தெருக்களில் புதிதாகத் தோன்றிய தள்ளுவண்டிகளை எண்ணியிருந்தாலே பாதி தெரிந்திருக்கும்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் சந்தைக்குள் தொற்று உறுதியாகத் தொடங்கியது. பூவையும் பழத்தையும் மாதவரம் பேருந்து நிலையத்துக்கு மாற்றினார்கள். சில்லறைக் கடைகளை மூடச் சொன்னார்கள். மே 5 முதல் மொத்தச் சந்தையும் மூடப்பட்டது.

அதற்குள் லோடுமேன்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். வேலை போனது, தங்கும் இடம் போனது, சாப்பாடு போனது; ஊரைத் தவிர வேறு எங்கே போவது? காலியாகத் திரும்பும் லாரிகளில் ஏறிப் போனவர்கள் உண்டு. மே 4ஆம் தேதி மாநிலத்தில் புதிதாகப் பதிவான 527 பேரில் சென்னையில் 266 பேர். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122 பேர். மாவட்டங்களின் பட்டியலில் விழுப்புரமும் அரியலூரும் திடீரென்று மேலே ஏறின. வயநாட்டில், கோயம்பேடு போய்வந்த ஒரு லாரி ஓட்டுநரிடமிருந்து தொடங்கிய தொற்று, விசாரிக்கப்போன காவலர்களையும் பிடித்தது. ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கமும் தப்பவில்லை. வழக்கமாக எந்தெந்த மூலையிலிருந்து சரக்கு சென்னைக்கு வருகிறது என்பதை ஒரு வரைபடத்தில் குறித்தால் எப்படி இருக்குமோ, அதே வரைபடம்; அம்புக்குறிகள் மட்டும் திசை மாறியிருந்தன.

பத்திரிகைகள் “கோயம்பேடு தொற்று” என்று எழுதின. ஊர்களில் “கோயம்பேட்டுக்காரன்” என்பது வசைச்சொல்லாயிற்று. மூட்டை தூக்கி வீட்டுக்குப் பணம் அனுப்பியவரை ஊர் எல்லையிலேயே நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் தனியே வைத்தார்கள். யார்மேல் தவறு என்ற வழக்கும் உடனே தொடங்கியது. வேறு இடத்துக்குப் போகும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டும் வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. வெட்டவெளியில் போய்ச் சரக்கை எப்படிக் காப்பது என்பது வியாபாரிகளின் பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு லட்சம் பேரை ஒரே வளாகத்துக்குள் விடுவதற்குப் பதில் சந்தையைப் பத்தாகப் பிரித்திருக்கலாம் என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் சரியான விடை இல்லை. மற்ற ஊர்களில் அது நடந்தது. ஈரோட்டில் காலியாகக் கிடந்த பேருந்து நிலையம் காய்கறிச் சந்தையானது. திருச்சியில் காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. அரசு பல கோடி செலவில் கட்டிக்கொடுத்த கள்ளிக்குடி வளாகத்துக்குப் போக மாட்டோம் என்று அடம்பிடித்த அதே வியாபாரிகள்தான், கூரைகூட இல்லாத மைதானத்துக்குப் போனார்கள். கள்ளிக்குடி தூரம், ஜி கார்னர் பக்கம். சந்தைக்காரருக்குக் கட்டடத்தைவிடத் தூரம்தான் பெரிய கணக்கு.

சென்னைச் சந்தைக்குக் கிடைத்த இடம் திருமழிசை. கோயம்பேட்டிலிருந்து மேற்கே பெங்களூர் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர்.

இடத்தைத் தேர்ந்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஊருக்கு இடம்பெயர்வோடு பழைய உறவு ஒன்று உண்டு. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் அது. அவருடைய சீடன் கணிகண்ணனைப் பல்லவ அரசன் காஞ்சியை விட்டுப் போகச் சொன்னான். ஆழ்வாரும் கிளம்பினார். நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா என்று பெருமாளிடம் சொல்ல, அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார் என்பது கதை. ‘சொன்ன வண்ணம் செய்த பெருமாள்’ என்று காஞ்சியில் இன்றும் அவருக்குப் பெயர். அரசன் மனம் மாறிக் கூப்பிட்டதும் எல்லாரும் திரும்பி வந்து பழையபடி பாயை விரித்தார்கள்.

2020 மே மாதம் சந்தை பாயைச் சுருட்டியது. 1996இல் பல வருடப் பேச்சும் ஒரு சட்டமும் செய்த வேலையை இந்த முறை ஒரு வாரம் செய்தது. துணைநகரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த வெற்று நிலத்தில் தகரக் கூரை போட்டுச் சுமார் இருநூறு கடைகள். மூவாயிரத்துக்கு மேல் இருந்தவர்களில் இடம் கிடைத்தது பெரிய மொத்த வியாபாரிகளுக்குத்தான். செமி ஹோல்சேல்காரர் என்ற நடு வளையம் அறுந்தது. தெருக் கடைக்காரர் இனி முழு மூட்டையாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்துப் போய்ப் பங்கு பிரிக்க வேண்டும். வண்டி வாடகை காயின் விலையில் ஏறியது. மழை பெய்தால் சேறு. சேற்றில் லாரி சிக்கினால் அன்றைய சரக்கு அங்கேயே வாடும். குளிர்பதன அறை இல்லாததால் மீந்தது குப்பைக்குத்தான். கொத்தவால் சாவடியைக் காலி செய்யச் சொன்ன காரணங்கள் அத்தனையும் திறந்த வெளியில் மறுபடி வந்து நின்றன.

சந்தை மூடிய அதே வாரத்தில், மே 7 அன்று, சென்னை நீங்கலாக மற்ற இடங்களில் டாஸ்மாக் மதுக்கடைகளைத் திறந்தார்கள் என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம். வெண்டைக்காய்க்கு இடம் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கடைகளின் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது தனிக் கதை.

திருமழிசையில் சந்தை நான்கு மாதங்களுக்கு மேல் நடந்தது. மூடிக் கிடந்த கோயம்பேட்டில் கழுவிச் சுத்தம் செய்து, வாசல்களைக் குறைத்து, வண்டிகளுக்கு நேரம் குறித்தார்கள். செப்டம்பர் 18இல் உணவு தானியக் கடைகள் திறந்தன. செப்டம்பர் 28இல் மொத்தக் காய்கறிக் கடைகள். பெருமாள் பாயை விரித்துவிட்டார்.

ஆனால் கூடவே கிளம்பிய எல்லாரும் ஒன்றாகத் திரும்பவில்லை. முதலில் வந்தவர் மண்டிக்காரர். பழக் கடைக்காரர்கள் நவம்பர் வரை மாதவரத்திலேயே இருந்தார்கள். சிறு வியாபாரிகளின் கடைகள் அதற்கும் பின்னால்தான் திறந்தன. ஆயுத பூஜைப் பொரியும் பூசணியும் விற்கும் பருவம் அதற்குள் போய்விட்டது. அரியலூரிலிருந்து திரும்பி வந்த லோடுமேனை வாசலில் நிறுத்தி நெற்றியில் வெப்பமானியைக் காட்டினார்கள். உள்ளே போனால், அவர் சாக்கு விரித்துப் படுத்த கடை வாசலில் இனி யாரும் இரவு தங்கக் கூடாது என்று சொன்னார்கள். அவர் மூட்டையைத் தூக்கத் தொடங்கினார்.