பத்து மாத ராஜா, முந்நூறு வருடப் பாட்டு

பழைய பாட்டு கேட்கிறவர்களுக்கு ‘வனமேவும் ராஜகுமாரா’ தெரியாமல் இருக்காது. சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலும் ஜிக்கியின் குழைவும் மாறி மாறி வரும். எந்தப் படம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த ராஜகுமாரன் எந்த ஊர் என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் யோசிப்பார்கள். படம் ‘ராஜா தேசிங்கு’, வந்த ஆண்டு 1960. ஊர் செஞ்சி.

லேனா செட்டியார் தயாரிப்பு, டி.ஆர். ரகுநாத் இயக்கம், எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். பானுமதியும் பத்மினியும் இருந்தார்கள். இசை ஜி. ராமநாதன். கர்நாடக ராகத்தை அதன் எலும்பு கெடாமல் டீக்கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். சி.எஸ். ஜெயராமனும் பானுமதியும் பாடிய ‘சரச ராணி கல்யாணி’ இதே படத்தில்தான். எம்.எல். வசந்தகுமாரி பாடிய தசாவதாரப் பாட்டும் இதில்தான். அந்தப் பாட்டு இன்றும் நடன மேடைகளில் ஆடப்படுகிறது; ஆடுகிற பிள்ளைகளில் பலருக்கு அது சினிமாப் பாட்டு என்பதே தெரியாது. திரையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பாட்டுக்கு மட்டும் வயதாகவில்லை.

ஆனால் தேசிங்கு பாட்டில் பிறந்தது 1960-ல் இல்லை. சினிமா அவனை எடுத்துக்கொண்டது இரண்டாம் தடவை. 1936-லேயே அதே பெயரில் ஒரு படம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால் அவன் பெரிய எழுத்துப் புத்தகத்தில் இருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காகப் பெரிய அச்சில், மலிவான தாளில், திருவிழாக் கடைகளில் விற்ற புத்தகங்கள் அவை. சென்னை கொண்டித்தோப்பு அச்சகங்களிலிருந்து அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் மூட்டை மூட்டையாகப் போன காலத்தில் தேசிங்குராஜன் கதையும் போயிற்று. தெருவில் ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார், திண்ணை முழுக்கக் கேட்கும். புத்தகத்துக்கும் முன்னால் அது பாட்டுக்காரர் வாயில் இருந்தது. வட தமிழ்நாட்டுக் கூத்து மேடையிலும் தேசிங்கு வாள் வீசினான்.

இப்படி ஒவ்வொரு தோலாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு வரிப் பாக்கித் தகராறு.

செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி 1677-ல் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் அதற்குள் இருந்தபடி மொகலாயப் படையை 1690 முதல் எட்டு வருடம் தாக்குப்பிடித்தார். 1698-ல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டைக்குள் நுழைந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். பிறகு கோட்டைக்கு அதிகாரியாக வந்தவர் சொரூப் சிங், பந்தேல்கண்ட் ராஜபுத்திரர். ஆர்க்காட்டுக்குக் கட்டவேண்டிய பணத்தை அவர் பாக்கி வைத்தார். 1714-ல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் வடக்கிலிருந்து வந்து கோட்டையில் உட்கார்ந்தான். நவாப் சாதத்துல்லா கான் அப்பன் பாக்கியை மகனிடம் கேட்டார். மகன் தரமாட்டேன் என்றான். அந்த வருடம் அக்டோபர் மாதம் செஞ்சிக்கு வெளியே சண்டை நடந்தது. தேஜ் சிங் குண்டு பட்டு இறந்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆண்டது சுமார் பத்து மாதம்.

நிர்வாகக் கணக்கில் இது ஒரு பாரா. கோட்டையின் கதையில் இதைவிடப் பெரிய சம்பவங்கள் எத்தனையோ. எட்டு வருட முற்றுகைக்கு ஒரு நாட்டுப்பாட்டு பிறந்திருக்கலாம். 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். அதைச் சாகசக் கதையாகவே பாடியிருக்கலாம். 1761-ல் ஆங்கிலேயரிடம் கோட்டை போனதை ஒப்பாரியாக வைத்திருக்கலாம். செஞ்சிச் சீமை இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, எத்தனை தமிழ்ச் சொல் தெரிந்திருக்குமோ என்று சந்தேகப்படவேண்டிய ஒரு வடக்கத்திப் பையனை எடுத்துக்கொண்டது.

ஏன் என்பதற்குப் பாட்டே பதில் சொல்கிறது. முதலில் பெயரை மாற்றியது. தேஜ் சிங் தேசிங்கு ஆனான். அப்பா தேரணி சிங் ஆனார். நண்பன் மகபத் கான் மோவுத்துக்காரன் ஆனான். டில்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை. அதை அடக்கி வென்று வந்தான் சிறுவன் தேசிங்கு. அதன் பெயர் பாராசாரி. பாரா ஹஜாரி, அதாவது பன்னிரண்டாயிரம் என்ற இந்துஸ்தானிச் சொல்தான் தமிழ் வாயில் இப்படி ஆயிற்று என்பர். நாக்குக்கு வாகான பெயர் வந்த பிறகுதான் ஆள் நம் ஆள் ஆகிறான்.

அடுத்து, பாட்டு வரிப் பாக்கியைப் பின்னுக்குத் தள்ளி மூன்று பிரிவுகளை முன்னுக்குக் கொண்டுவந்தது. சிங்கவரத்து ரங்கநாதரிடம் போய்ச் சண்டைக்கு உத்தரவு கேட்கிறான். போகாதே என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இவன் கேட்கவில்லை. அடுத்து மனைவி. கல்யாணம் ஆகியும் முகம் பார்க்காத பெண், திரைக்குப் பின்னால் இருந்தபடியே விடைகொடுக்கிறாள். மூன்றாவது மோவுத்துக்காரன். வழுதாவூரில் அவனுக்குக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. செய்தி வந்ததும் மாப்பிள்ளைக் கோலத்தோடு நீலவேணிக் குதிரையில் ஏறி நண்பனுக்காகக் களத்துக்கு வருகிறான், அங்கேயே விழுகிறான்.

சண்டையிலும் பாட்டு கைவைத்தது. குண்டு பட்டுச் சாவது பாட்டுக்கு ஒவ்வாத சாவு. யார் சுட்டான், எங்கிருந்து சுட்டான் என்று நின்று பாட முடியாது. அதனால் நண்பனும் போய்க் குதிரையும் வெட்டுப்பட்ட பிறகு, தேசிங்கு தன் வாளை வானத்தில் எறிந்து மார்பில் வாங்கிக்கொள்கிறான். எதிரிக்கு அவனைக் கொன்ற பெருமையைக்கூடப் பாட்டு தரவில்லை. மனைவி தீப்பாய்ந்தாள். அவள் நினைவாகத்தான் பாலாற்றங்கரையில் நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஜெயித்தவனையும் அழவைத்தால்தான் பாட்டுக்காரனுக்குத் திருப்தி.

இந்தப் பாட்டு பிழைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் அதன் ஊர்ப் பெயர்கள். சிங்கவரம், தேவனூர், வழுதாவூர், ஆர்க்காடு எல்லாம் கேட்கிறவன் நடந்தே போய்வந்த ஊர்கள். சிங்கவரத்துக் குடைவரையில் படுத்திருக்கும் ரங்கநாதரின் முகத்தைக் காட்டி, அன்றைக்குத் திருப்பியதுதான் என்று இன்றும் சொல்வார்கள். கோட்டைக்குள் செட்டிகுளத்துக் கரையில் தேசிங்கை எரித்த இடத்தைக் காட்டுவார்கள். நீலாம்பூண்டியில் மோவுத்துக்காரனுக்கும் குதிரைக்கும் சமாதி. இந்து ராஜாவும் முஸ்லிம் நண்பனும் சாகும்வரை பிரியாத கதையை யாரும் பாடமாக நடத்தவில்லை. காதில் விழுந்தது, ஊர் நம்பிக்கொண்டது.

சினிமாவும் அதே வேலையைத்தான் செய்தது. தேசிங்குக்கு தாவூத் கான் என்று ஒரு சகோதரனை ஒட்டவைத்தது, இரண்டும் எம்.ஜி.ஆர். நண்பனாக எஸ்.எஸ். ராஜேந்திரன் வந்தார். வரலாறு தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் பாட்டுக்காரன் வாளை வானத்தில் எறிந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் காதுக்கு ஏற்ற தேசிங்கைச் செய்துகொள்கிறது. கூத்துக் கேட்டவர்களுக்கு வீரன் வேண்டியிருந்தது. கொட்டகையில் உட்கார்ந்தவர்களுக்கு வனத்தில் பாடுகிற காதலன் வேண்டியிருந்தது, ராமநாதன் அவனைக் கொடுத்தார்.

பேச்சிலும் அவன் இறங்கிவிட்டான். குதிரை ஏறியவனெல்லாம் தேசிங்கு ராஜாவா என்று கேட்கிறவர்களில் பலர் செஞ்சியைப் பார்த்தவர்கள் இல்லை. 2013-ல் அவன் பெயரில் ஒரு சிரிப்புப் படம்கூட வந்தது.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில், பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக. வரலாற்றுப்படி அதில் தப்பில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் கோட்டையாக்கிக் கட்டியும் காத்தும் வந்தவர்கள் பலர், மராட்டியர் அவர்களில் முக்கியமானவர்கள். தேசிங்கு அங்கே பத்து மாதம் குடியிருந்தவன், அவ்வளவுதான். ஆனாலும் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மா, மலை தெரிந்ததும் மடியிலிருக்கும் பிள்ளையின் முகத்தைத் திருப்பிக் காட்டுவாள்: “அதோ பாரு, தேசிங்கு ராஜா கோட்டை.”