இன்னொரு டன்

வடமேற்குக் கனடாவின் கிளாண்டைக் தங்க வேட்டையைப் பாடமாக நடத்துவோர் பெரும்பாலும் 1897 ஜூலை 17இல் தொடங்குவார்கள். அன்று சியாட்டில் துறைமுகத்துக்கு 'போர்ட்லண்ட்' கப்பல் வந்தது. அதில் ஒரு டன்னுக்கு மேல் தங்கம் என்று பத்திரிகை எழுதியது. போட்டது போட்டபடி கிடக்க, ஆட்கள் வடக்கே கிளம்பினார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் பிள்ளைகளின் மனத்தில் தங்கம் மட்டுமே மின்னும். நான் இன்னொரு டன்னிலிருந்து தொடங்குவேன்.

அங்கே போகும் வழியிலிருந்த சில்கூட் கணவாயின் உச்சியில், கனடா எல்லையில், காவல்படை நின்றது. ஓராண்டுக்கான உணவு கொண்டுவராதவரை உள்ளே விடவில்லை. தங்க வேட்டையின் மையமான டாசன் நகரில் அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் பஞ்சம் எட்டிப்பார்த்திருந்தது. மாவு, பன்றி இறைச்சி, கூடாரம், கருவி எல்லாம் சேர்த்துத் தலைக்குச் சுமார் ஒரு டன்.

இதைக் கரும்பலகையில் கணக்காகப் போடுவேன். நம் அரிசிச் சிப்பம் 25 கிலோ. 900 கிலோ என்று வைத்தாலும் 36 நடை. ஒவ்வொரு சிப்பத்தையும் இறக்கிவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வரவேண்டும். ஆக, ஒரு கிலோமீட்டர் முன்னேற 71 கிலோமீட்டர் நடை. கடற்கரை ஊரான டையாவிலிருந்து கணவாய்க்கு அப்பாலிருந்த பென்னட் ஏரிவரை 53 கிலோமீட்டர். பெருக்கினால் 3,763. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பிள்ளைகள் மறுபடி பெருக்கிப் பார்ப்பார்கள். சறுக்குவண்டியும் கூலியாளும் கொஞ்சம் குறைத்திருக்கலாம், கையில் காசிருந்தவர்களுக்கு. பிறகுதான் எரிக் ஹெக் எடுத்த புகைப்படத்தைக் காட்டுவேன்: வெள்ளைச் சரிவில் எறும்புச் சாரை. அது பனியில் வெட்டிய படிக்கட்டு. ஏறத்தாழ 1,500 படி.

கிளம்பியவர்கள் சுமார் ஒரு லட்சம். டாசன் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பதாயிரம். 1898 கோடையில் அவர்கள் போய் இறங்கியபோது நல்ல ஓடைகளெல்லாம் ஏற்கெனவே பிறர் பெயரில் பதிவாகியிருந்தன.

அந்தப் பதிவேட்டையும் பிள்ளைகள் சந்தேகத்தோடு படிக்கவேண்டும். 1896 ஆகஸ்டில் ராபிட் ஓடையில் தங்கம் கண்டவர் என்று அதில் இருப்பது ஜார்ஜ் கார்மாக்கின் பெயர். பழங்குடியினரான தாகிஷ் மக்களின் வாய்மொழி வரலாறோ அவருடைய மைத்துனர் கீஷின் பெயரைச் சொல்கிறது. பாடநூல்கள் இதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

கிளாண்டைக் ஆற்றின் முகத்துவாரம் இன்னொரு பழங்குடியினரான ஹான் மக்களின் சால்மன் மீன்பிடித் துறை. கூட்டம் வந்து குவிந்ததும் அவர்களின் தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றோட்டத்தில் கீழே மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார். தங்கள் பாட்டுகளும் ஆட்டங்களும் இந்தச் சந்தடியில் அழிந்துவிடும் என்று அஞ்சி, அலாஸ்காவிலிருந்த உறவினர்களிடம் அவற்றைக் காத்துவைக்கச் சொல்லி ஒப்படைத்தார். பேரப்பிள்ளைகளின் காலத்தில் டாசன்காரர்கள் அங்கே போய் அவற்றைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.