உஸ்தாதும் ஒஸ்தாவும்: முடி களையும் தொழிலின் சொற்கள்

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவரைப் பிள்ளைகள் ‘உஸ்தாத்’ என்கிறார்கள். தலைமுடி களைந்து, சுன்னத்தும் செய்துவைத்தவரை நமது மூத்தவர்கள் ‘ஒஸ்தா’ என்றார்கள். பாரசீக வழியில் வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள்தான் இவை. தன் கலையில் தேர்ந்தவர், அதைக் கற்றுக்கொடுப்பவர் என்பதே அதன் பொருள். துருக்கி மொழியில் கைத்தொழில் வல்லவர் இன்றும் ‘உஸ்தா’தான்.

நம்மிடமோ ஒரு வடிவத்துக்கு எழுந்து நின்று ஸலாம் சொல்கிறோம்; மற்ற வடிவம் சண்டையில் எறியும் வசைச்சொல்லாகிவிட்டது. “அவன் ஒஸ்தாட பேரன், சேர்” என்று வகுப்பில் ஒரு பையனைக் காட்டி இன்னொருவன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பேரனின் வீட்டில் இப்போது யாரும் கத்தி பிடிப்பதில்லை. தொழில் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. இது எப்படி நேர்ந்தது என்பதைத் தொழிலின் சொற்கள் வழியாகவே தேடிப்பார்க்க விரும்புகிறேன்.

சொற்களின் பிறப்பு

தமிழ் நிகண்டுகள் முடியை நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்டவை. பெண்ணின் கூந்தலுக்கு ஐம்பால்; ஆணின் முடிக்குக் குஞ்சி, பித்தை, ஓரி, பங்கி எனப் பல பெயர்கள். முடியை நீக்கும் செயலுக்கும் அப்படியே. ‘மழித்தல்’ குறள் காலத்துச் சொல். கூடாவொழுக்க அதிகாரத்தில் வருகிறது. நாம் பேச்சில் ‘தாடி வழிக்கிற’ என்கிறோமே, அந்த ‘வழித்தல்’ பரப்பின்மேல் கத்தியை இழுத்து எடுப்பது. ‘சிரைத்தல்’ கத்தி வேலை, ‘கத்தரித்தல்’ கத்தரிக்கோல் வேலை. குழந்தைக்கு என்றால் மட்டும் குரல் தாழ்ந்து ‘முடி இறக்குதல்’ ஆகிவிடும்.

தொழில் செய்பவரின் பெயர்களைப் பாருங்கள். ‘நாவிதன்’ வடமொழி ‘நாபித’ என்பதன் வழி வந்தது. ‘அம்பட்டன்’ என்பதை ‘அம்பஷ்ட’ என்ற வடசொல்லோடு இணைப்பர். மநு நூலில் அம்பஷ்டருக்குரிய தொழில் மருத்துவம். யாழ்ப்பாணத்தில் முடி வெட்டுபவரையும் நாட்டு வைத்தியரையும் ‘பரியாரி’ என்ற ஒரே சொல் குறித்தது. பரிகாரம் செய்பவர் பரியாரி. கத்தி பிடித்த கைதான் கட்டியைக் கீறியது, காயத்துக்கு மருந்தும் கட்டியது. ஆக, அம்பட்டன், பரியாரி, ஒஸ்தா மூன்றும் பிறந்தபோது மதிப்பான சொற்கள். சொல் கெட்டது சொல்லால் அல்ல. தொழிலைப் பிறப்போடு கட்டி, பிறப்பைத் திருமணத்தால் பூட்டியதால்.

மார்க்கத்தில் இத்தொழில்

தமிழ்ச் சமூகத்தில் சாதியாக இறுகியதை நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோமா? மார்க்க மூலங்கள் அதற்கு இடம் தரவில்லை. ஹஜ்ஜின் கிரியைகளில் ‘ஹல்க்’ என்ற மழித்தலும் ‘தக்ஸீர்’ என்ற குறைத்தலும் உண்டு. ஸூரத்துல் ஃபத்ஹின் 27ஆம் வசனம் இரண்டையுமே குறிப்பிடுகிறது. மழித்தவர்களுக்காக மும்முறையும் குறைத்தவர்களுக்காக ஒரு முறையும் நபி (ஸல்) அவர்கள் பிரார்த்தித்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ஹஜ்ஜத்துல் விதாவில் மினாவில் அவர்களுடைய தலைமுடியைக் களைந்தவர் மஃமர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) என்று அறிஞர்கள் குறித்திருக்கிறார்கள். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று அவர்களே காட்டிக்கொடுத்தார்கள். தலையில் வலப்பக்கம் கத்தி வைத்துத் தொடங்கும் வழக்கத்துக்கு ஆதாரம் அதுதான். களைந்த முடியை அபூதல்ஹா (ரழி) அவர்களிடம் கொடுத்து மக்களுக்குப் பகிரச் செய்ததும் பதிவாகியிருக்கிறது. அந்தத் தலையில் கத்தி வைத்தவரை எந்த ஸஹாபியும் தாழ்ந்த குலத்தவர் என்று சொல்லவில்லை.

இரத்தம் குத்தி எடுப்பவருக்கு அரபியில் ‘ஹஜ்ஜாம்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்களுக்கு அபூதைபா ஹிஜாமா செய்தபோது, கூலியாகத் தானியம் கொடுத்ததோடு அவர் எசமானர்களிடம் பேசி அவருடைய வரிச்சுமையையும் குறைக்கச் செய்தார்கள். அந்த ‘ஹஜ்ஜாம்’ இந்தியாவுக்கு வந்து உருதில் முடி வெட்டுபவரைக் குறிக்கும் சொல்லாகி, பிறகு சாதிப் பெயராகவும் ஆயிற்று. மலபார் மாப்பிள்ளைமாரிடையே ‘ஒஸ்ஸான்’ என்று அழைக்கப்பட்டவர்களின் கதையும் இதுவே. ஆண்கள் முடி களைந்தார்கள், சுன்னத் செய்தார்கள். ‘ஒஸ்ஸாத்தி’கள் பிரசவம் பார்த்தார்கள். மற்றவர்கள் அவர்களோடு சம்பந்தம் செய்யவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையிலும் இதே நிலைதான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, பரம்பரையாக முடி களைந்து சுன்னத் செய்துவந்த ஒஸ்தாக்களைத் தாழ்வாக வைக்கப்பட்ட ஒரு பிரிவினராக எழுதியிருக்கிறார். ‘இஸ்லாத்தில் சாதி இல்லை’ என்று மேடையில் சொல்லும் நாம் அந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டும்.

கத்தியிலிருந்து கத்தரிக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைச் சோனகரின் அடையாளங்களுள் ஒன்று மழித்த தலையும் அதன்மேல் தொப்பியும். 1883இல் நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த எகிப்தியத் தலைவர் அராபி பாஷாவின் செல்வாக்கால் துருக்கித் தொப்பி பரவியது. 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை வந்தபோது முஸ்லிம்கள் கொழும்பில் திரண்டு எதிர்த்தார்கள். தொப்பிக்காக நடந்த அந்தப் போராட்டத்தை நமது வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. தொப்பிக்குக் கீழே இருந்த தலையைத் தவறாமல் மழித்துக் கொடுத்த ஒஸ்தாவைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடைப்பது அரிது.

அவருடைய கருவிகள் ஒரு சிறு பைக்குள் அடங்கின. மடக்குக் கத்தி, அதைத் தீட்டச் சாணைக்கல், கூர் மெருகேற்றத் தோல்வார், கத்தரிக்கோல், தண்ணீர்க் கிண்ணம், வெட்டுப்பட்ட இடத்தில் தேய்க்கச் சீனக்காரம். முடியை நன்றாக நனைத்து ஊறவைப்பதுதான் பாதி வேலை. பிறகு இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் போக்கிலேயே கத்தியைச் சரித்து வழிக்க வேண்டும். எதிர்ப்போக்கில் வழித்தால் தோல் எரியும், முடி உள்ளே வளரும். பிறந்த குழந்தையின் உச்சிக்குழி இன்னும் மூடாதிருக்கும். அகீகாவுக்கு ஏழாம் நாளிலோ ஊர் வழக்கப்படி நாற்பதாம் நாளிலோ அந்தத் தலையில் கத்தி வைத்த கை எவ்வளவு நிதானமானதாக இருந்திருக்க வேண்டும்!

சுன்னத்தும் இதே கையின் வேலை. ஸ்பெயினில் வாழ்ந்து 1013 அளவில் வஃபாத்தான அறுவைச் சிகிச்சை மேதை அல்-ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீஃப்’ என்ற நூலில் சுன்னத் செய்யும் பல முறைகளை ஒப்பிட்டு, சவரக்கத்தியைவிடக் கத்தரிக்கோலே சிறந்தது என்று தன் அனுபவத்திலிருந்து எழுதினார். இப்போது அந்த வேலை டொக்டர்மாரிடம் போய்விட்டது. கிருமி நீக்கம், மரப்பூசி என்று பார்க்கும்போது அது நல்லதே.

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பாடசாலையும் அரச உத்தியோகமும் ‘கிராப்’பைக் கொண்டுவந்தன. தலை மழிப்பது குறைந்தது; கத்தியின் இடத்துக்குக் கத்தரியும் சீப்பும் வந்தன. 1904இல் ஜில்லெட் காப்புரிமை பெற்ற பிளேட் ரேசர், தாடி வழிப்பதை வீட்டுக்குள் கொண்டுபோனது. 1921 அளவில் அமெரிக்காவில் லியோ வால் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் கிளிப்பரின் வாரிசுதான் இன்று ஒவ்வொரு சலூனிலும் இரைகிறது.

நம்பரும் ஃபத்வாவும்

தில்லையடிப் பையன்களிடம் கேட்டால் சலூன் பாஷை சரளமாக வரும். “சைட் ஒண்டு, மேல கத்தரி.” கிளிப்பரில் மாட்டும் சீப்பின் இலக்கம் அது. ஒன்று என்றால் சுமார் 3 மில்லிமீற்றர், இரண்டு 6, நான்கு 13. ‘ஃபேட்’ என்பது கீழே தோலோடு ஒட்டத் தொடங்கி, ஒன்று, இரண்டு என்று ஏறி, கோடு தெரியாமல் மேல்முடியோடு கலப்பது. அந்தக் கோட்டை அழிப்பதில்தான் தொழில் தெரிந்தவரின் கை தெரியும். அதற்குச் சீப்பால் முடியை உயர்த்தி, சீப்புக்கு வெளியே நிற்பதை மட்டும் கத்தரிப்பார்கள்.

இந்த வெட்டு ‘கஸஃ’ ஆகுமா என்று பையன்கள் கேட்கிறார்கள். தலையில் ஒரு பகுதியை மழித்து மறு பகுதியை விடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரழி) அறிவிக்கிறார்கள். சிதறிய மேகத் துண்டுகளைக் குறிக்கும் அரபுச் சொல் அது. இமாம் நவவி அவர்கள் அதை மக்ரூஹ் என்கிறார்கள். தீர்ப்பு ஆலிம்களுக்குரியது. ஆனால் தடை வந்திருப்பது மழித்தலுக்கு. கிளிப்பர் மூன்று மில்லிமீற்றர் விட்டு வெட்டுவது ஹல்க்கா, தக்ஸீரா? பிளேட்டால் வழித்த ஃபேட்டும் இலக்கம் ஒன்றால் இறக்கிய ஃபேட்டும் ஒன்றா? இதைச் சரியாகப் பிரித்துச் சொல்லக்கூடியவர் சலூன்காரர்தான். தீர்ப்புச் சொல்பவர் அவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

ஜோசப் சலூன் தரும் பாடம்

தில்லையடியில் வாழும் பலரின் பூர்வீகம் யாழ்ப்பாணம். அங்கே ஜோசப் சலூனில் முடி வெட்டிக்கொண்டே எழுதியவர் டொமினிக் ஜீவா. அவருடைய ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஓகஸ்டில் அவர் தொடங்கிய ‘மல்லிகை’யில் முஸ்லிம் எழுத்தாளர்கள் பலர் எழுதி வளர்ந்தார்கள். தன் தொழிலை அவர் மறைக்கவில்லை. சாதி இழிவைப் பேனாவால் எதிர்த்தார். 2021இல் அவர் மறைந்தபோது நம்மவர்களும் அஞ்சலி எழுதினார்கள். அவரைப் பாராட்டுவது நமக்கு எளிது. அதே தொழிலைச் செய்த நமது ஒஸ்தாக்களின் குடும்பத்தில் பெண் எடுப்பதுதான் கடினமாக இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடைக்காரரும் தையல்காரரும் ஒஸ்தாவும் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள். ஓலைக் கொட்டிலில் பரம்பரை பேச யாருக்கும் வசதி இருக்கவில்லை. கல்வீடு எழும்பிய பின்னர்தான் கல்யாணப் பேச்சில் “அவங்க யாரு ஆக்கள்?” என்ற கேள்வி திரும்பி வந்தது.

இரண்டு வேலைகள் உடனே செய்யத்தக்கவை. ஒன்று, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மன்னாரிலும் உயிரோடிருக்கும் முதிய ஒஸ்தாக்களின் சொற்களையும் கருவிகளையும் கைமுறைகளையும் ஒலிப்பதிவோடு சேகரிப்பது; உயர்தர வகுப்பு மாணவர்களே செய்யக்கூடிய பணி இது. மற்றது, நிக்காஹ் பேசும் இடத்தில் ‘யார் ஆக்கள்’ என்ற கேள்வி எழும்போது, ஜும்ஆ மிம்பரில் மஃமர் (ரழி) அவர்களின் பெயரைச் சொல்லும் ஆலிம்கள் அங்கேயும் அதைச் சொல்வது.