சுண்ணாம்புத் தெளிநீரும் பவளப்பாறையும்



வெளிநாட்டில் இருக்கும் என் மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். உள்ளே உயிருள்ள கல் பவளங்கள்! "சார், இதுக்குத் தினமும் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டுச் சொட்டா விடுறேன். நீங்க வகுப்புல ஊதிப் பால் மாதிரி ஆக்கிக் காட்டுவீங்களே, அதேதான்" என்று எழுதியிருந்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1961-இல் இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர் படர்ந்த கற்களை எடுத்துத் தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழி மட்டும் விட்டுக் கடல் உயிர்களை வளர்க்கலாம் என்று எழுதினார். ஆனாலும் கல் பவளம் வளர்ப்பது கடினமாகவே இருந்தது. பவளம் ஒரு பிராணி. நீரிலுள்ள கால்சியத்தை எடுத்துத்தான் தன் கல் வீட்டைக் கட்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கடலில் அது குறையாது, தொட்டியில் தீர்ந்துவிடும். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் இதற்கு வழி சொன்னார்: ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீர் விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் காரம் ஏறி உயிர்கள் சாகும். அதனால்தான் சொட்டுச் சொட்டாக.

அங்கே பவளத்துக்குச் சுண்ணாம்பு ஊட்டிய அதே காலத்தில், இங்கே தூத்துக்குடிப் பக்கம் நாம் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிக்கொண்டிருந்தோம். மன்னார் வளைகுடாவில் வெட்டிய பாறைகள் காளவாய்களுக்குப் போயின. அலையைத் தடுக்கும் பாறை போனதும் தீவுகள் கரைந்தன. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. 1986-இல் அங்கே கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன.

ஒரு வகுப்பில் ஒரு சிறுமி, "இந்தச் சுண்ணாம்பு எங்கேயிருந்து வருது சார்?" என்று கேட்டாள். "கடையிலிருந்துதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் உட்கார்ந்துவிட்டாள். ராமேஸ்வரம் சுற்றுலாவில் நான் வாங்கிய பவளத்துண்டு அப்போது என் மேசைமீதே இருந்தது, தாள் பறக்காமலிருக்க.

அம்மா, நீ இதைப் படித்தால், அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: நம் கடலில் பவளம் எடுப்பது குற்றம். ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.