ஒரே தண்டவாளம், இரு நாடுகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வரலாற்றை ரயில்வேயை விட்டுவிட்டு எழுத முடியாது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே சிலாங்கூரின் முதல் ரயில் ஓடியது. பாதை போடவும் பராமரிக்கவும் தமிழகத் தொழிலாளர்கள் வந்தார்கள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். 1901இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே உருவான பின், செந்தூல் ரயில் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளும் இவர்களின் உழைப்பிலும் குடும்பங்களிலும் செழித்தன.

1909இல் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. அதற்கு அப்பால் நீரிணை. ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் கடக்க வேண்டியிருந்தது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள ஜொகூர் பாலத்தின் மீது 1923 அக்டோபரில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தச் சிரமம் தீர்ந்தது. 1932இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் எழுந்தது. அதன் முகப்பில் உழவு, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு வெண்பளிங்குச் சிலைகள். அவற்றில் எஃப், எம், எஸ், ஆர் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேயின் ஆங்கிலப் பெயரெழுத்துகள். கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் பெயர் சிங்கப்பூர்க் கட்டடத்தில் பொறிக்கப்பட்டதை அன்று யாரும் விந்தையாக நினைக்கவில்லை. இரு கரையும் ஒரே பணியிடம். வேலை மாற்றல் வந்தால் குடும்பத்தோடு தெற்கே போவார்கள், மறு மாற்றலில் வடக்கே திரும்புவார்கள்.

1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967இல் பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. அக்காளும் தங்கையும் வெவ்வேறு நாட்டுக் குடிமக்களான வீடுகள் நம்மிடையே உண்டு. திருமணம், துக்கம், திருவிழா எதுவானாலும் குடிநுழைவு முகப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆனால் சிங்கப்பூரிலும் தண்டவாளம் மலேசியாவின் மலாயா ரயில்வேயின் கையிலேயே இருந்தது. தீவின் குறுக்கே ஓடிய அந்த ஒற்றைப் பாதையில், புக்கிட் தீமா நிலையத்தில், தோல்பை மாட்டிய இரும்பு வளையம் ஓட்டுநருக்கும் நிலைய ஊழியருக்கும் இடையே கைமாறும். ஓடும் ரயிலிலிருந்தே வளையத்தை நீட்டுவார்கள். கீழே நிற்பவர் கையை நீட்டிப் பற்றிக்கொள்வார். அந்த வளையம் கையில் இருந்தால்தான் அடுத்த பகுதிக்குள் ரயில் நுழையலாம். அந்நிய மண்ணில் இந்த ஒழுங்கு 2011 வரை நீடித்தது.

1990இல் இரு அரசுகளும் சிங்கப்பூரிலிருந்த ரயில்வே நிலம் குறித்து உடன்பாடு செய்தன. ஆயினும் அதற்குப் பொருள்கொள்வதில் கருத்து வேறுபாடு எழுந்தது. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே தொடர்ந்தது. வடக்கே வரும் பயணி முதலில் மலேசிய அதிகாரிகளைக் கடந்து, அதன் பிறகே சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் ஓட்டிய கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது.

அத்தோடு உறவு அறுந்துவிடவில்லை. 2015 முதல் ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஐந்து நிமிடப் பயணமாகத் தெப்ராவ் ரயில் ஓடுகிறது. எல்லை போட்டவை அரசுகள். அதைக் கடந்து உறவைக் காத்தவர்கள் ரயில்வேக் குடும்பங்கள். அந்த உழைப்பு மலேசிய வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் குடும்பங்கள் வாழ்ந்த நூறு வீட்டுக் குடியிருப்பு இன்று இல்லை. பழைய ரயில்வே முற்றம் இருந்த இடத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது. எனவே பணி ஆணை, மாற்றல் கடிதம், புகைப்படம் எதுவாயினும் பரண்மேல் விட்டுவிடாதீர்கள். மூத்தோரிடம் கேட்டு, பெயரும் ஆண்டும் குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு நாம் தரவேண்டிய கணக்கு அது.